சடன் பிரேக் கொடுத்த மைலேஜ்

மலைமேல் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து கீழே ரயில் நிலையம் வரை ஐந்தரை கிலோமீட்டர் இறக்கம். அந்த ஐந்தரையையும் கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு, வண்டி தன் பாரத்தில் தானே உருள, ஸ்டியரிங்கை இரண்டு விரலால் தடவிக்கொண்டே இறங்கி வருவதை ஒரு கலை என்று ஒத்துக்கொண்டால், நிலையத்து வாசலில் இருக்கும் டாக்ஸி ஸ்டாண்டில் அதற்கு ஒரே ஒரு வித்வான்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் லைசென்ஸில் மட்டும் இருந்தது. ஊர் வாயில் அவன் பெயர் நியூட்ரல்.

அந்தப் பெயரைப் பட்டமாக எடுத்துக்கொண்டவன் அவன். மற்றவர்களின் வண்டி அந்த ஏற்ற இறக்கத்தில் லிட்டருக்குப் பதினொன்று ஓடினால் அவனுடையது பதினைந்து ஓடும். ஆகவே மற்றவர்களை அவன் மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை. எவனாவது இறக்கத்தில் பிரேக்கை அழுத்துவதைக் கண்டால், அவனைக் கட்டிக்கொண்ட பெண்ணை நினைத்து ஒரு பெருமூச்சு விடுவான்.

அவனுடைய பெருமூச்சுகளில் பாதிக்குமேல் சொந்த மைத்துனன் ஒருத்தனுக்கே செலவாயின. மனைவியின் தம்பி. சொந்த வண்டி கிடையாது. யாருக்காவது காய்ச்சல், கல்யாணம், கால் சுளுக்கு என்றால் அந்த வண்டியை எடுத்து ஓட்டும் மாற்று டிரைவர். பெயர் சடன் பிரேக். அவன் வண்டியில் ஏறுகிறவர்கள் அவன் கேட்காத கேள்விக்கெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டே போவார்கள். இறங்கும்போது கழுத்தைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். "ஆஸ்பத்திரிக்கு ஆள் ஏத்துறதுக்கு இவன் போதும்டா. நல்லா இருக்கிறவன் ஏறினாலும் மேலே போய்ச் சேர்றதுக்குள்ள நோயாளி ஆயிடுவான்," என்று நியூட்ரல் ஒன்பது வருஷமாக ஒரே ஜோக்கைச் சொல்லி வந்தான். ஸ்டாண்டும் ஒன்பது வருஷமாகச் சிரித்து வந்தது. இவர்களுக்கு இரண்டாவது ஜோக் தெரியாது.

அந்த வருஷம் வண்டிகளைப் பரிசோதிக்கும் அதிகாரி நியூட்ரலின் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "வயசாயிடுச்சு. இந்த மாசக் கடைசியோட டாக்ஸி போர்டைக் கழட்டிடுங்க," என்று சொல்லிவிட்டார். புது வண்டி வாங்கியாக வேண்டும். நியூட்ரல் பெட்ரோலை மிச்சம் பிடித்தானே ஒழிய வேறெதையும் மிச்சம் பிடித்தவனில்லை. மிச்சம் இருந்தது மனைவியிடம். வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு, ஊருக்கெல்லாம் ஜன்னல் திரை தைத்துக் கொடுப்பவள். கழுத்தில் அளவு டேப் தொங்காமல் அவளைப் பார்த்தவர்கள் கிடையாது. அவள் பணத்தோடு இரண்டு நிபந்தனையும் வந்தது.

"வண்டி ஒண்ணு. ஓட்டுறது ரெண்டு பேர். காலையில ஒருத்தர், மத்தியானத்துக்கு மேல ஒருத்தர். என் தம்பி எத்தனை நாளைக்கு ஊரான் வண்டியை ஓட்டுவான்?"

நியூட்ரலுக்கு இது கசந்தாலும் விழுங்கினான். காலை ஷிஃப்ட் தனக்குத்தான் என்ற நினைப்பு. காலையில்தான் ரயில்கள் வந்து விழும். ஆஸ்பத்திரிக்குப் போகிற கூட்டம் பையும் ஃபைலுமாக வரிசையில் நிற்கும். மத்தியானத்துக்கு மேல் வருவது நோயாளியைப் பார்க்கப் போகிற சொந்தக்காரர்கள். வேண்டாவெறுப்பாகப் போவதால் பேருந்துக்குக் காத்திருக்கவும் தயங்காதவர்கள். காலை ஷிஃப்ட் என்றால் டாக்ஸி. மத்தியானம் என்றால் சும்மா கார் வைத்திருக்கிற மனுஷன்.

இரண்டாவது நிபந்தனைதான் அவனைச் சுட்டது. "ஹைப்ரிட் வண்டி ஒண்ணு, பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டுறது, விலைக்கு வந்திருக்காம். தம்பி சொன்னான். போய்ப் பார்த்துட்டு வாங்க."

"யாரு, அவனா? பெட்ரோல் மூடியை எந்தப் பக்கம் திறக்கணும்னு அவனுக்குத் தெரியுமா?"

"நீங்க போய்ப் பாருங்க," என்றாள். பல்லிடுக்கில் குண்டூசி இருந்ததால் அதற்குமேல் பேசவில்லை.

வண்டியை விற்பவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். முழங்கால் வலியால் ஓட்ட முடியவில்லை. வாசலில் வெள்ளையாக, துடைத்து வைத்த பல் மாதிரி நின்றது வண்டி.

விலை பேசப் போகிறவன் முதலில் பொருளைத் திட்ட வேண்டும். ஆனால் அளவாகத் திட்ட வேண்டும். குறைத்துத் திட்டினால் விலை இறங்காது. கூட்டித் திட்டினால், பிறகு எதற்கையா வந்தாய் என்று கேட்டுவிடுவார்கள். இந்த நெளிவு சுளிவு நியூட்ரலுக்குத் தெரியாது. அவன் மனதாரத் திட்டினான். டயரை உதைத்தான். டிக்கியைத் திறந்து, "ரெண்டு பெட்டி வச்சா மூணாவது பெட்டியை டிரைவர் மடியில வைக்கணும் போல," என்றான். வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, பானெட்டில் காதை வைத்தான். ஒன்றும் கேட்கவில்லை.

"ஸ்டார்ட் பண்ணுங்க சார்."

"பண்ணியாச்சு," என்றார் பல் டாக்டர்.

"சத்தத்தைக் காணோம்?"

"சத்தம் வராம வேலை நடக்குதேன்னு என்கிட்ட இதுவரைக்கும் யாரும் குறை சொன்னதில்ல."

கூட வந்திருந்த சடன் பிரேக் சிரித்துத் தொலைத்தான். நியூட்ரலுக்கு மூக்குச் சிவந்தது. "எஞ்சின் ஒண்ணு, மோட்டார் ஒண்ணு. ரெண்டு பேரை வச்சு ஒரு வேலை பண்ற வண்டி. எங்க வீட்டுலயும் இப்ப அதேதான் நடக்கப் போகுது," என்றான் மைத்துனனைப் பார்த்துக்கொண்டே.

"மாமா, இது இறக்கத்துல தானாவே பேட்டரியை..." என்று ஆரம்பித்தான் சடன் பிரேக்.

"வாயை மூடுறா. இறக்கத்தைப் பத்தி நீ எனக்குச் சொல்றியா?"

அவன் வாயை மூடிக்கொண்டான். பல் டாக்டர் எதையோ சொல்ல வாயெடுத்து, வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்துவிட்டு, வாழ்நாளெல்லாம் அடுத்தவர் வாயைத் திறக்கச் சொன்ன களைப்போடு தன் வாயையும் மூடிக்கொண்டார். "மூணு நாள் வச்சு ஓட்டிப் பாருங்க. பிடிச்சா வாங்குங்க. உங்க வண்டியை இங்கே விட்டுட்டுப் போங்க, ஈடா," என்றவர், அந்த வண்டியைப் பார்த்துவிட்டு, "இல்ல, வேண்டாம். எடுத்துட்டே போங்க," என்றார்.

டாக்ஸி போர்டு இல்லாத வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது. ஆகவே மனைவி மூன்று திரைத்துணிக் கட்டுகளை ஆள் எடைக்கு நிறுத்து, பின் சீட்டில் உட்காரவைத்து, பெல்ட்டும் போட்டுவிட்டாள். ரயில் நிலையத்தருகே இருக்கும் பங்கில், ஒரே குழாயில், கழுத்து வரைக்கும் பெட்ரோல். மேலே போய்க் கீழே வருவது ஒரு நடை. மொத்தம் எட்டு நடை. பிறகு அதே குழாயில் மறுபடி கழுத்து வரைக்கும். எத்தனை லிட்டர் ஏறுகிறதோ அதுதான் வண்டி குடித்தது. இந்த ஏற்பாடெல்லாம் அவளுடையது. ஜன்னலை வீட்டுக்காரர்கள் அளந்து சொன்னால் நம்பமாட்டாள். தானே போய் டேப்பைப் போடுவாள்.

முதல் நாள் நியூட்ரல். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு திரை. அதில் எஞ்சினிலிருந்து சக்கரத்துக்கும் சக்கரத்திலிருந்து பேட்டரிக்கும் அம்புகள் ஓடிக்கொண்டே இருந்தன. பத்து நிமிஷம் பொறுத்தான். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன்மேல் போட்டான். இருபது வருஷம் வண்டி ஓட்டியவனுக்கு வண்டி பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி வாசலில் திரும்பியதும் கியரை நியூட்ரலில் தள்ளினான். வண்டி 'கிண்' என்று ஒரு மணி அடித்தது. "துணிமூட்டை பெல்ட்டைக் கழட்டிடுச்சு போல," என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்துக்கொண்டான். வண்டி வெண்ணெயில் விட்ட கத்தியாக இறங்கிற்று. இத்தனை சுகமாக அவன் இறங்கியதே இல்லை. எட்டு நடையும் நியூட்ரல். எட்டுத் தடவையும் மணி. எட்டுத் தடவையும் துணிமூட்டைகளுக்குத் திட்டு.

பங்கில் ஐந்தரை லிட்டர் ஏறியது. லிட்டருக்குப் பதினாறு. அவனுடைய கிழட்டு வண்டியைவிட ஒன்றே ஒன்று கூட.

வேறொருவனாக இருந்தால் வருத்தப்பட்டிருப்பான். நியூட்ரலுக்குக் கால் தரையில் படவில்லை. ஸ்டாண்டுக்கு வந்து, நடுவில் நின்று, கேட்டவனுக்கும் கேட்காதவனுக்கும் சொன்னான்: "ஒரு கிலோமீட்டர்! மோட்டார், பேட்டரி, அம்புக்குறி, மணி, எல்லாம் சேர்ந்து என் கைக்குமேல ஒரே ஒரு கிலோமீட்டர்! இதை என் பொண்டாட்டி தலையில கட்டப் பார்த்தான் இந்த மேதை."

சடன் பிரேக் ஓரமாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான். "நாளைக்கு நான் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கட்டுமா மாமா?"

"ஓட்டேன்! நீ ஓட்டினா ஏழோ எட்டோ. மூட்டைக்குக் கழுத்து சுளுக்கிக்கும்."

ஒன்பது வருஷச் சிரிப்பு வழக்கம்போல எழுந்தது. அது அவனை ஏற்றிவிட்டது. இரண்டு மாங்காய் விழுகிறமாதிரி ஒரு கல் கையில் கிடைத்தது என்று நினைத்தான்: வண்டியும் ஒழியும், மைத்துனன் மானமும் ஒழியும். "என்னைவிட ஒரு கிலோமீட்டர், ஒரே ஒரு கிலோமீட்டர் கூடக் காட்டிட்டான்னு வை, இந்த வண்டியையே வாங்குறேன். காலை ஷிஃப்ட்டையும் அவனே ஓட்டட்டும். போதுமா?"

வரிசை பார்க்கும் சோடாபுட்டி கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டார். எந்த வண்டி முதலில் நிற்கிறது என்பதிலிருந்து யார் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தான் என்பது வரை அந்த ஸ்டாண்டில் அவர் சொன்னதுதான் முடிவு. "இத்தனை பேர் முன்னால சொல்றே. அப்புறம் வரிசையை மாத்தாதே."

"நான் எப்பய்யா மாத்தியிருக்கேன்?"

மறுநாள் சடன் பிரேக் ஓட்டினான். அதே மூட்டை, அதே குழாய், அதே எட்டு நடை. மேலே போகும்போது ஜாக்கிரதையாகப் போனான். கீழே வரும்போது அவனுக்குத் தெரிந்த ஒரே வித்தையைக் காட்டினான்: கியரைத் தொடாமல், கால் பிரேக்கிலேயே இருக்க, மிதித்து மிதித்து இறங்கினான். பங்கில் குழாய் நாலு லிட்டரைத் தாண்டிச் சற்றே போய் நின்றுவிட்டது. பங்குக்காரர் வண்டியைக் குலுக்கிக்கூடப் பார்த்தார். லிட்டருக்கு இருபத்தொன்று.

ஸ்டாண்டில் யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்குப் புது ஜோக் தயாராக நேரம் வேண்டியிருந்தது.

"மேலேயே எங்கேயோ பெட்ரோல் போட்டிருக்கான்," என்றான் நியூட்ரல்.

"மலைமேல ஏது பங்கு?" என்றார் சோடாபுட்டி.

"அப்ப எட்டு நடை போகல."

"நான்தான்யா இங்க உக்காந்து எண்ணினேன்."

வீட்டுக்கு வந்ததும் மனைவி மெஷினை நிறுத்திவிட்டு, வண்டியோடு வந்த கையேட்டை எடுத்துவைத்தாள். நடுவில் ஒரு பக்கத்தில் குண்டூசி செருகியிருந்தது. நியூட்ரலில் பேட்டரி சார்ஜ் ஆகாது என்று கட்டம் போட்டு எழுதியிருந்தார்கள். வண்டி வேகத்தைக் குறைக்கும்போதும் பிரேக் அழுத்தும்போதும் அந்த வேகம் மோட்டார் வழியாகப் பேட்டரிக்குப் போகும். அதைக்கொண்டுதான் அடுத்த ஏற்றம். நியூட்ரலில் இறங்கினால் அவ்வளவும் காற்றோடு போகும். பேட்டரி காலியாகி, ஏற்றத்தில் எஞ்சினே முழுச் சுமையையும் இழுக்கும்.

"அந்த மணி பெல்ட்டுக்கு அடிக்கலை. துண்டை எடுத்துட்டுப் பார்த்திருந்தா திரையிலேயே எழுதியிருந்திருக்கும்," என்றாள்.

நியூட்ரல் இரண்டு தடவை படித்தான். அந்த ஸ்டாண்டிலேயே தலைசிறந்தவனாக அவனை ஆக்கிய ஒரே ஒரு காரியம், இந்த வண்டிக்கு ஆகாத ஒரே ஒரு காரியம். தன்மீது வரவேண்டிய கோபத்தை அவன் வழக்கம்போல வேறு முகவரிக்கு அனுப்பினான். "பிரேக் போடத்தான் தெரியும்னு இருக்கிறவனுக்குன்னே செஞ்ச வண்டி! ஓட்டத் தெரிஞ்சவனைத் தண்டிக்கிற வண்டி! இதெல்லாம் ஒரு வண்டி?"

"வேற பார்க்கலாம்னா சொல்லுங்க. ஆனா ஸ்டாண்டுல வாக்குக் கொடுத்திருக்கீங்களாம்."

"எனக்கு முன்னாடியே யாரும் சொல்லலையே?"

"தம்பி சொல்ல வந்தானாம். நீங்க என்ன சொன்னீங்களாம்?"

நியூட்ரல் கூரையைப் பார்த்தான். அவள் டேப்பைச் சுருட்டினாள். பிறகு, இருபது வருஷம் கூட வாழ்ந்த இரக்கமோ, சோறு போடுகிற வண்டியைக் கோபக்காரன் கையில் விடக்கூடாது என்ற முன்ஜாக்கிரதையோ, ஒரு வழி விட்டாள்.

"இன்னும் ஒரு நாள் வண்டி நம்மகிட்ட இருக்கு. நாளைக்கு நான் உங்க பக்கத்துல உக்காந்து வர்றேன். எட்டு நடையும் கியரைத் தொடாம இறங்குங்க. இறங்கிட்டீங்கன்னா தம்பிகிட்டயும் சோடாபுட்டி அண்ணன்கிட்டயும் நான் பேசிக்கறேன். காலை உங்களுக்கு."

"இது ஒரு பெரிய விஷயமா?" என்றான் நியூட்ரல். தொடுவதுதான் கஷ்டம், தொடாமல் இருப்பதில் என்ன கஷ்டம் என்று இரவெல்லாம் ஏளனமாகவே தூங்கினான்.

மூன்றாம் நாள். மூட்டைகள் பின்னால், மனைவி பக்கத்தில். துண்டு இந்தத் தடவை வீட்டிலேயே தங்கிவிட்டது. முதல் இறக்கத்தில் கியர் போடும் கையை முழங்காலின்மேல் வைத்துக்கொண்டான். அம்புகள் சக்கரத்திலிருந்து பேட்டரிக்கு ஓடின. பிரேக் மிதிக்கும்போதெல்லாம் சடன் பிரேக்கே தன் காலுக்குள் புகுந்துகொண்டமாதிரி அருவருப்பாக இருந்தது. ஆனாலும் இறங்கிவிட்டான். "பார்த்தியா?" "பார்த்தேன்." இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. நாலாவதில் விரல்கள் முழங்காலில் தாளம் போட ஆரம்பித்தன. கையைத் தூக்கித் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தான்.

"இப்படியே காலம் பூரா ஓட்டுவீங்களா?" என்றாள்.

"பழகிடும்."

ஐந்தாவது நடையில் பேச்சு திசைமாறிற்று. பல் டாக்டர் விலையில் இன்னும் எவ்வளவு இறங்குவார் என்று அவள் கேட்டாள், நியூட்ரல் உற்சாகமாகிவிட்டான். "அந்த ஆளா? நான் இன்னொரு தடவை போய் ரெண்டு போடு போட்டேன்னா தானா இறங்குவான்," என்று சொல்லிக்கொண்டே மூன்றாவது வளைவில் திரும்பினான். எதிரே நீளமான, நேரான, காலியான இறக்கம். அதைப் பார்த்து இருபது வருஷமாக என்ன செய்ததோ அதையே கை செய்தது. தொடைக்கு அடியிலிருந்து எப்போது வெளியே வந்தது என்று அவனுக்குத் தெரியாது.

'கிண்.'

இருவரும் திரையைப் பார்த்தார்கள். அம்பு எதுவும் ஓடவில்லை. 'நியூட்ரலில் சார்ஜ் ஆகாது' என்ற எழுத்து மட்டும் இருந்தது.

"இது... பேசிக்கிட்டே வந்ததால," என்றான் நியூட்ரல்.

"டாக்ஸியில ஏறுறவங்க பேசாமலா வருவாங்க?"

நியூட்ரல் கியரைப் பழைய இடத்துக்குத் தள்ளினான். கீழே வந்து ஸ்டாண்டில் நிறுத்தியதும் அவள் சாவியை வாங்கி, டீக் குவளையோடு நின்ற தம்பியிடம் கொடுத்தாள். "வண்டியை வாங்கிடலாம். காலையில நீ. மத்தியானத்துக்கு மேல மாமா."

சடன் பிரேக்குக்குச் சாவியை வாங்கவே கூச்சமாக இருந்தது. "மாமா, நீங்களே காலையில..."

"வச்சுக்கடா," என்றான் நியூட்ரல், சுற்றி நின்றவர்களுக்குக் கேட்கும்படி. "காலை வெயில் நேரா கண்ணுல அடிக்கும். எனக்கு அது ஒத்துக்காதுன்னு டாக்டரே சொல்லியிருக்கார்." எந்த டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை. சோடாபுட்டி மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பல் டாக்டரிடம் விலை பேச இந்தத் தடவை மனைவியே போனாள். அரைமணியில் வேலையை முடித்துக்கொண்டு வந்தாள்.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம், ஆஸ்பத்திரியில் யாரையோ பார்த்துவிட்டுத் திரும்புகிற ஒரு மனிதர் ஏறினார். தானும் இப்படி ஒரு வண்டி வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர் போலிருந்தது. முன்சீட்டில் உட்கார்ந்து, திரையில் ஓடும் அம்புகளை வேடிக்கை பார்த்தார்.

"வண்டி எப்படிங்க?"

"குப்பை," என்றான் நியூட்ரல். "வீட்டுல வாங்கிட்டாங்க, ஓட்டுறேன்." கால் பிரேக்கை மெல்ல அழுத்திற்று. மூன்றாவது வளைவு வந்துகொண்டிருந்தது. அவன் கியர் கையைத் தொடைக்கு அடியில் நன்றாக இழுத்து வைத்துக்கொண்டான்.

"மைலேஜ் என்ன கொடுக்குது?"

"இருபத்தொண்ணு."

"அடேயப்பா! அப்ப நல்ல வண்டிதானே?"

நியூட்ரல் அந்த மனிதரை, ஒன்றும் தெரியாதவர்களுக்கென்றே ஒதுக்கிவைத்திருந்த பார்வையால் பார்த்தான்.

"வண்டியில என்ன சார் இருக்கு? எல்லாம் ஓட்டுறவனைப் பொறுத்தது. காலையில என் மச்சான் ஒருத்தன் இதே வண்டியைத்தான் ஓட்டுறான். அவன்கிட்ட பதினாறுக்கு மேல போனதே இல்ல."